அபரேஷ் பாபுவின் ஏழு டிகிரி

அத்தியாயம் ஒன்பது

மதியம் இரண்டு மணிக்கு டார்ஜிலிங் கோர்ட்டில் நிம்ஷெரிங் லெப்சா எழுந்து நின்று, "ஆமாம், என் கையால்தான் செத்தார்" என்று சொல்லப்போகிறார். இப்போது மணி ஒன்பதே கால். துப்பறியும் ரத்னமான் சுப்பாவும் அவருடைய உதவியாளர் சோம்மாயா தமாங்கும் ஜோர்பங்களா மேட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஜோர்பங்களாப் பனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்ப் பனி மரியாதையாக வெளியே நிற்கும். இது கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து, நம் கம்பளியையே இழுத்துப் போர்த்திக்கொள்ளும். இந்த ஊரில் ஒருவர் தன் மாமனாரோடு அரை மணி நேரம் சண்டை போட்டு, பனி விலகியதும் பார்த்தால் எதிரே நின்றது தபால் பெட்டி. அந்த அரை மணி நேரமும் மாமனார் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாரே என்று நெகிழ்ந்துபோயிருந்தாராம் மனிதர்.

"தாஜு, முன்னால இருக்கீங்களா, இல்ல நான் தபால் பெட்டிகிட்ட பேசிட்டு வர்றேனா?"

"இருக்கேன்" என்றார் சுப்பா. மலையில் தாஜு என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா.

"அப்ப கொஞ்சம் மெதுவா போங்க. நான் கும் ஸ்டேஷன்ல இருபது வருஷம் ராஜ்மா கிண்டினவ. மலை ஏறினவ இல்ல."

கும் ஸ்டேஷன் எதிரே சோம்மாயாவின் சாப்பாட்டுக் கடையை அறியாத ரயில் டிரைவர் கிடையாது. அவள் வாய்க்குப் பயந்து பொம்மை ரயிலே நிற்காமல் போன நாள் உண்டென்று ஒரு பேச்சு. அந்த வாயைத்தான் சுப்பா கூட வைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டு வராத பதில், அவள் கேலி செய்தால் தானாக வந்து விழும்.

இன்று அவள் கேலிக்கே வேலை இல்லை. காரியம் கையைவிட்டுப் போய்விட்டது.

நிம்ஷெரிங் லெப்சா, மிம்லாபாரி தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் கம்பவுண்டர். அவர் மடித்துக் கொடுத்த பொட்டலத்தால் பிழைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால் வரிசை சிலிகுரி வரை போகும். நாலு மாதத்துக்கு முன் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தா கோகுல் பாபு வயிற்றில் பூச்சி என்று வந்தார். நிம்ஷெரிங் பூச்சி மருந்துப் பொடி மடித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கோகுல் பாபு கை கால் வெட்டி இழுத்து இறந்துபோனார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு, வேலைக்காக மறைத்து வைத்திருந்தோம் என்று அவர் மனைவி அப்புறம்தான் சொன்னாள். உடலை அறுத்துப் பார்த்த டாக்டர், வலிப்பாகவும் இருக்கலாம், விஷமாகவும் இருக்கலாம், மிச்சமிருக்கும் பொடியைச் சோதித்தால் தெரியும் என்று எழுதிவிட்டுக் கைகழுவிக்கொண்டார்.

பொடியைச் சோதித்தார்கள். நூற்று எழுபத்தெட்டு டிகிரியில் உருகியது. அது புரூசின் உருகும் சூடு. புரூசின் என்றால் எட்டிக்கொட்டையின் விஷம். தெருநாய்களுக்கு வைப்பதற்காக அந்த ஆஸ்பத்திரி அலமாரியில் அதுவும் ஒரு புட்டி இருந்தது, பூச்சி மருந்துப் புட்டிக்கு மேல் தட்டில்.

நேற்று ஜெயிலில் நிம்ஷெரிங் சொன்னதுதான் சுப்பாவின் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"சுப்பாஜி, விட்டுடுங்க. நான் கீழ்த்தட்டுலதான் எடுத்தேன்னு நாலு மாசமா சொல்லிட்டிருந்தேன். ஆனா சூடுமானி பொய் சொல்லாது. எனக்கு அறுபத்தொண்ணு. என் கண்ணு பொய் சொல்லும். கை மேல் தட்டுக்குப் போயிருக்கு, எனக்குத் தெரியல, அவ்வளவுதான். ஒத்துக்கிட்டா மனசாவது அடங்கும்."

அடிக்காமல், மிரட்டாமல், ஒரு காகிதம் அந்த மனிதரைத் தன்னையே நம்பாதவராக்கிவிட்டது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவரின் வீட்டுக் கதவைத்தான் இப்போது சோம்மாயா தட்டினாள்.

கதவைத் திறந்தவர் அபரேஷ் குண்டு. கல்கத்தாவில் கல்லூரி வாத்தியாராக இருந்து, ஈரல் கெட்டு, மலைக்காற்றுக்காக இங்கே வந்து சொந்தமாகச் சோதனைக்கூடம் வைத்தவர். இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை, அதற்கும் மேலே குரங்குக் குல்லா. உள்ளே ஆள் இருப்பதற்கு மூக்குக் கண்ணாடி ஒன்றுதான் அடையாளம்.

"அடடே, சுப்பா பாபு! வாங்க வாங்க. சோனாதா கேசுக்கு அப்புறம் பாக்கவே இல்லையே. ஆறு வருஷம் இருக்குமா?"

"இருக்கும்" என்றார் சுப்பா. அவர் இடது மணிக்கட்டில் வெள்ளிக் கடிகாரம் மின்னியது. சோனாதா பால் வழக்கு அவருக்குக் கொடுத்த பரிசு அது. வாடிக்கை வீட்டுக் கிழவரின் பாலில் விஷம் கலந்ததாகப் பால்கார ஹர்கா மங்கரைப் பிடித்துக் கொடுத்த வழக்கு. கிழவரின் பிள்ளைகள் கோர்ட் வாசலிலேயே கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். சுப்பாவின் பெயர் மலை முழுக்கப் பரவியது அதற்கப்புறம்தான். சோம்மாயாவின் பெயரும்தான். எருமைக் கன்றுக்குப் பூச்சி மருந்து என்று ஹர்கா சாதித்த பொடி, பூட்டுப் போட்ட பெட்டியில் இருந்தது. "கன்னுக்குட்டி திருடித் தின்னுடும்னா பூட்டு போட்டான்?" என்று சாட்சிக் கூண்டில் நின்று சோம்மாயா கேட்டாள். ஜட்ஜே சிரித்தார். சிலிகுரிப் பத்திரிகை அதைக் கட்டம் கட்டிப் போட்டது. அந்தத் துண்டு அவள் கடைச் சுவரில் சட்டத்துக்குள் தொங்குகிறது.

"கோர்ட் உத்தரவு இது பாபு" என்று சுப்பா காகிதத்தை நீட்டினார். "மிச்சப் பொடிய எங்க முன்னால இன்னொரு தடவ சோதிக்கணும்."

அபரேஷ் பாபுவின் முகம் குல்லாவுக்குள் இறுகியது. "என் சோதனை மேல சந்தேகமா? பதினோரு வருஷத்துல ஒரு தடவ கூட என் எண்ணு மாறினதில்ல."

"சந்தேகம் இல்ல. ஆசை."

"என்ன ஆசை?"

"தப்பா இருக்கணும்னு" என்றாள் சோம்மாயா.

மிச்சப் பொடி என்றால் ஏதோ மூட்டை என்று நினைக்க வேண்டாம். அரக்கு முத்திரையை உடைத்தால் உள்ளே இரண்டு கடுகளவு இருந்தது. ஒரு ஈ பெருமூச்சு விட்டால் வழக்கு முடிந்தது. இரண்டு தடவை சோதிக்கலாம், மூன்றாவதுக்கு வழியில்லை.

அபரேஷ் பாபு நூல் போன்ற கண்ணாடிக் குழலை எடுத்தார். ஒரு முனையைத் தீயில் காட்டி மூடினார். மறு முனை வழியாகப் பொடியைத் தட்டித் தட்டி இறக்கினார். குழலைச் சூடுமானியின் உடம்போடு ரப்பர் வளையத்தால் கட்டி, இரண்டையும் எண்ணெய் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் முக்கினார். கீழே ஸ்பிரிட் விளக்கு.

"எண்ணெய் சூடாகும். பொடி உருகுற நேரத்துல சூடுமானி என்ன காட்டுதோ அதான் கணக்கு. கடைசியில நிமிஷத்துக்கு ரெண்டு டிகிரிதான் ஏத்தணும். பொறுமை வேணும்" என்றார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. எண்பது. இருபது நிமிஷம். நூற்றுப் பத்து. சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியது. டார்ஜிலிங் போக ஜீப் கிடைக்க வேண்டும், பனியில் அது ஊர்ந்து சேர வேண்டும். சோம்மாயாவுக்குக் கால் பரபரத்தது. இப்படி ஒரு அடுப்பை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அபரேஷ் பாபு கண்ணாடியைத் துடைக்கத் திரும்பினார். அவள் திரியைத் தூண்டிவிட்டாள்.

சமையற்காரியின் கை. தீ என்றால் தீ.

எண்ணெய் சிலிர்த்தது. பாதரசம் பின்னால் நாய் துரத்துவதுபோல ஏறியது. நூற்று ஐம்பது, அறுபது, எழுபது. வெள்ளைப் பொடி கண்ணாடித் துளியாகச் சரிந்தபோது சூடுமானி காட்டியது நூற்று எழுபத்தெட்டு.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"போச்சு" என்றார் சுப்பா மெல்ல. "அதே எண்ணு."

"அதே எண்ணாவது! யாரு தீய ஏத்தினது?" அபரேஷ் பாபு குதித்தார். "தீதி, இது கறிக்குழம்பு இல்ல! இப்படி ஏத்தினா சூடுமானி முன்னால ஓடிடும், பொடி பின்னால நொண்டிக்கிட்டு வரும். உருகினது எப்பவோ, காட்டினது எங்கயோ. இது செல்லாது!"

சோம்மாயா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். நிம்ஷெரிங்கின் உயிரில் பாதியை ஒரு திரியில் எரித்துவிட்டாள். நாக்கு நுனியில் ஒரு கேலியும் இல்லை.

"இன்னும் ஒரு கடுகு இருக்கு" என்றார் சுப்பா.

இரண்டாவது குழலை அபரேஷ் பாபு கோபத்தோடு அவசரமாகத் தீயில் காட்டி மூடினார். இந்தத் தடவை சோம்மாயாவை விளக்கிலிருந்து ஆறடி தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டி நிற்கச் சொன்னார். நின்றாள். எண்ணெய் ஆமை வேகத்தில் சூடேறியது. தொண்ணூறு. நூற்று முப்பது. நூற்று நாற்பதில் பொடி வெள்ளை மாறி மங்கியது. சுப்பா குனிந்தார்.

"பாபு, உள்ள ஏதோ ஊறி ஏறுதே?"

அபரேஷ் பாபு எட்டிப் பார்த்தார். குழலின் மூடிய முனை சரியாக மூடவில்லை. மயிரிழை ஓட்டை. எண்ணெய் உள்ளே புகுந்து பொடியைக் கூழாக்கியிருந்தது.

பத்தே முக்கால். பொடி தீர்ந்தது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர் மாதிரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

சுப்பா பையிலிருந்து காய்ந்த சுர்பிக் கட்டி ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார். எருமைப் பால்கட்டி. இரண்டு மணி நேரம் மென்றாலும் கரையாது. யோசிக்க ஒன்றும் இல்லாதபோதுதான் அவர் அதை எடுப்பார் என்பது சோம்மாயாவுக்குத் தெரியும்.

"என்ன பண்ணியிருந்தாலும் வந்திருக்கும் எண்ணு ஒண்ணுதான்" அபரேஷ் பாபு பாத்திரத்தைத் துடைத்தபடி முணுமுணுத்தார். "நீங்க கொளுத்திவிட்டதையே எடுத்துக்குங்க. எழுபத்தெட்டோட ஏழு சேர்த்தா எண்பத்தஞ்சு. அப்படி ஒரு பொருளே கிடையாது இந்தக் கேசுல. அதனாலதான் சொன்னேன் செல்லாதுன்னு."

சுப்பாவின் தாடை நின்றது.

"ஏழு எதுக்கு சேர்க்கணும்?"

"இந்தச் சூடுமானிக்கு ஏழு டிகிரி குறை. ஜெர்மன்காரன்னு பேர், பண்ணினது ஏமாத்து வேலை." சூடுமானியின் தலையில் நூலால் கட்டியிருந்த அட்டையைக் காட்டினார். மையில் எழுதியிருந்தது: கூட்டுக ஏழு. "ஊரிலிருந்து வந்த முதல் வாரமே சோதிச்சுட்டேன். ஐஸ்ல வெச்சேன், பூஜ்யம், சரி. கொதிக்கிற தண்ணியில வெச்சேன். நூறு காட்டணும். தொண்ணூத்தி மூணுலயே நின்னுடுச்சு. மேல போகவே இல்ல. பதினோரு வருஷமா இந்த ஏழைச் சேர்த்துத்தான் எழுதறேன்."

ஆறடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சோம்மாயா முதலில் செருமினாள். அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் அந்தச் சிரிப்பு வெளியே வந்தது. அலமாரியில் இருந்த புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

"என்ன தீதி சிரிப்பு?"

"பாபு, நீங்க இந்த ஊர்ல ராஜ்மா வேக வெச்சிருக்கீங்களா?"

"சமையற்காரன் இருக்கான்."

"அவன்கிட்ட ஒரு நாள் கேட்டிருக்கலாமே! சிலிகுரியில என் தங்கச்சி ஒரு மணி நேரத்துல ராஜ்மாவ இறக்கிடுவா. இங்க நான் அடுப்போட மூணு மணி நேரம் மாரடிக்கிறேன். தண்ணி தளதளன்னு கொதிக்கும், பருப்பு கல்லா கெடக்கும். இந்த உசரத்துல தண்ணி முழுசா சூடாகுறதுக்கு முன்னாலயே கொதிச்சுடும் பாபு. கும்ல இருக்கிற கழுதைக்குக்கூடத் தெரியும்!"

அபரேஷ் பாபு சூடுமானியின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். குல்லாவைக் கழற்றினார். கல்கத்தாவில் பதினேழு வருஷம் இதையேதான் கரும்பலகையில் எழுதிப் போட்டவர். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும். கேள்வித்தாளில் கூடக் கேட்டிருக்கிறார், ஐந்து மதிப்பெண். மாணவர்கள் தப்பாக எழுதினால் சிவப்பு மையில் வட்டம் போட்டவர். பெட்டி படுக்கையோடு ஏழாயிரம் அடி ஏறி வந்தவர், முதல் வாரக் குளிரில் அந்த ஐந்து மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருந்தார்.

"தொண்ணூத்தி மூணு..." என்றார். "இங்க அதான் சரி. சூடுமானி சரியாத்தான் காட்டியிருக்கு."

"அப்ப அந்த ஏழு?"

"என்னோடது."

சுப்பா ஏற்கெனவே அலமாரியை நெருங்கியிருந்தார். கீழ்த்தட்டு முழுக்கத் தூசி படிந்த புட்டிகள். ஒவ்வொன்றிலும் அபரேஷ் பாபுவின் கையெழுத்து: அசுத்தம், அசுத்தம், அசுத்தம்.

"இதெல்லாம் என்ன?"

"நல்ல கம்பெனிச் சரக்குன்னு வாங்கினது. பென்ஸாயிக் அமிலம் நூத்தி இருபத்திரண்டுல உருகணும், எனக்கு நூத்தி இருபத்தொன்பதுல உருகிச்சு. எல்லாமே ஏழு ஏழு கூட. கலப்படம்னு ஒதுக்கிட்டேன். கம்பெனிக்கு நாப்பது லெட்டர் போட்டிருப்பேன்."

"அழுக்கு கலந்தா உருகுற சூடு ஏறுமா பாபு?"

அபரேஷ் பாபு கண்ணை மூடிக்கொண்டார். "இறங்கும். இறங்கத்தான் செய்யும். ஏறாது."

இத்தனை புட்டியும் பதினோரு வருஷமாகத் தட்டில் உட்கார்ந்து உண்மையைக் கத்திக்கொண்டிருந்தன. அவர் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அந்த மனிதர் செய்ததைக் குறை சொல்ல முடியாது. பென்ஸாயிக் அமிலத்தைத் தானே குழலில் அடைத்தார், முனையை இரண்டு தடவை மூடினார், தீயை ஊசி முனைக்கு அடக்கினார். நூற்று இருபத்திரண்டு. கூட்டல் இல்லாமல், சுத்தமாக. பிறகு நோட்டைப் புரட்டி நிம்ஷெரிங்கின் பக்கத்தை எடுத்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: பார்த்தது 171, கூட்டியது 7, ஆக 178.

"நூத்தி எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு" என்றார். "சாண்டோனின் உருகுற சூடு அது."

"சாண்டோனின்னா?"

"பூச்சி மருந்து."

சோம்மாயா கட்டியிருந்த கையை அவிழ்த்து ஓங்கித் தட்டினாள். "கெழவர் கை கீழ்த்தட்டுக்குத்தான் போச்சு தாஜு! கெளம்புங்க. பாபு, எழுதிக் கையெழுத்துப் போடுங்க. குல்லாவ மாட்டிக்குங்க, நீங்களும் வர்றீங்க. நடக்க முடியலன்னா நான் தூக்கிட்டு வர்றேன், ராஜ்மா மூட்டையத் தூக்கினவதான்."

அபரேஷ் பாபு எழுதினார். முத்திரை குத்தினார். சுப்பா மட்டும் நகரவில்லை. நோட்டுகள் வருஷ வாரியாக அடுக்கியிருந்த தட்டின் முன்னால் நின்றார்.

"தாஜு, ஜீப்!"

"பதினோரு வருஷம்னீங்களே பாபு" என்றார் சுப்பா. அவர் குரல் சோம்மாயாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஆறு வருஷத்துக்கு முந்தின நோட்டு எது?"

அபரேஷ் பாபு பேனாவைக் கீழே வைத்தார். சோம்மாயாவுக்கு அப்போதும் புரியவில்லை. சுப்பா ஒரு நோட்டை உருவி, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். நிறுத்திய விரலை எடுக்கவில்லை. அவள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

சோனாதா. ஹர்கா மங்கர். பூட்டிய பெட்டியில் கிடைத்த வெள்ளைப் பொடி. பார்த்தது 171, கூட்டியது 7, ஆக 178.

சுப்பாவின் வாயிலிருந்த சுர்பிக் கட்டி நொறுங்கும் சத்தம் கேட்டது.

*

கோர்ட்டில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. அபரேஷ் பாபு கூண்டேறி, ஏழு டிகிரியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் இரண்டு தடவை கேட்டுவிட்டு, நிம்ஷெரிங்கின் வாக்குமூலத்தை எடுக்காமலே அவரை ஜாமீனில் விட்டார். கொழுந்து பறிக்கிற பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள்.

நிம்ஷெரிங் அழவில்லை. கல் பெஞ்சில் உட்கார்ந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது தப்புப் பண்ணல?"

"இல்ல தாஜு. கீழ்த்தட்டுதான்" என்றாள் சோம்மாயா.

"நாலு மாசமா இந்தக் கையால சோறு எடுக்கக் கூசிச்சு. இடது கையால தின்னேன். ஜெயில்ல சிரிச்சாங்க." கையை மடியில் வைத்துக்கொண்டார். "இனிமே பொட்டலம் மடிக்க மாட்டேன். சரியா எடுத்தேன்னு தெரிஞ்சாலும் இந்தக் கைய நம்ப முடியல. சுப்பாஜி, ஒண்ணு கேக்கலாமா? நானாவது படிச்சவன். எனக்கு முன்னால எத்தன பேரு அந்த எண்ண நம்பினாங்க?"

சுப்பா மணி பார்ப்பதுபோல இடது கையைத் தூக்கினார். பாதியில் கீழே போட்டுவிட்டார்.

*

சோனாதாவில் இறங்கியபோது நாலரை. இங்கேயும் பனி. ஹர்கா மங்கரின் வீடு ரயில் பாதைக்குக் கீழே, இரண்டு வளைவு தள்ளி. வழி நெடுகச் சோம்மாயா எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்தாள். இருபது வருஷமாக ரயில் டிரைவர்களையும் ஜட்ஜையும் மடக்கின நாக்கு, காய்ந்த சுர்பி மாதிரி வாய்க்குள் கிடந்தது.

ஹர்கா ஜல்பாய்குரி ஜெயிலில் போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம் இறந்துபோயிருந்தார். கபம் என்றார்கள். சுப்பாவுக்கு அது தெரியும். அப்போது அவர் கவலைப்படவில்லை.

ஹர்காவின் மனைவி கொட்டகையில் எருமைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் ரன்மாயா. இருவரையும் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். புல் போடுவதை நிறுத்தவில்லை.

சுப்பா சொன்னார். சூடுமானி, கொதிக்கிற தண்ணீர், ஏழு டிகிரி எல்லாவற்றையும். அபரேஷ் பாபு எழுதிக் கொடுத்த இரண்டாவது காகிதத்தை நீட்டினார். கேசைத் திரும்ப எடுக்க மனுப் போடுகிறேன், தப்பு செய்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாக இருக்கும் என்றார். ரன்மாயா காகிதத்தை வாங்கவில்லை. கையில் புல் இருந்தது.

"அவருதான் சொன்னாரே" என்றாள். "கன்னுக்குப் பூச்சி மருந்துன்னு. அதே பொடிய ரெண்டு வேளை கன்னுக்குப் போட்டிருக்கேன், அது நல்லா நிக்குது, வந்து பாருங்கன்னு கோர்ட்ல கெஞ்சினார். யாரும் வரல." எருமையின் முதுகில் ஓங்கித் தட்டினாள். "இதுதான் அந்தக் கன்னு."

எருமை திரும்பிப் பார்த்தது. ஆறு வயசு. பளபளவென்று கறுப்பு. மலையிலேயே இதைவிடத் தெம்பான சாட்சி இருந்திருக்க முடியாது.

"நீங்கதானே அந்தப் பூட்டுப் பேச்சு பேசினது?" ரன்மாயா இப்போது சோம்மாயாவைப் பார்த்துக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சோம்மாயா அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"நான்தான்."

"எல்லாரும் சிரிச்சாங்க. பூட்டு எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. என் சின்னவளுக்கு அப்ப ரெண்டு வயசு. வெள்ளையா எதப் பார்த்தாலும் சர்க்கரைன்னு வாயில போட்டுக்குவா. அதுக்குத்தான் பூட்டு."

சுப்பா கடிகாரத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொட்டகைத் தூணின் விளிம்பைத் தேடினார்.

"அத இங்க வைக்காதீங்க" என்றாள் ரன்மாயா. வாளியை எடுத்து எருமைக்குப் பக்கத்தில் குந்தினாள். "கறக்குற நேரம். நகருங்க."

அவர்கள் நகர்ந்தார்கள். பின்னால் வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது. பாதை ஏறும்போது சுப்பா, சோம்மாயா ஏதாவது சொல்வாள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கும் ஸ்டேஷனில் இறங்கினதும் அவள் நேரே கடைக்குள் போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றினாள். ஆறு வருஷப் புகையில் சுவர் முழுக்கக் கறுத்திருந்தது. சட்டம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக நின்றது. துணியை நனைத்து, சுற்றியிருந்த கறுப்பைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள்.

அந்த வெள்ளை போகவில்லை.